எனக்குப் பிடித்த ஆராதனையும் உண்மையான ஆராதனையும்

கேள்வி

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நான் வழிபாட்டுப் புத்தகத்தைப் பின்பற்றும் திருச்சபையில் வளர்ந்தவள். பாவ அறிக்கை, சங்கீதம், விசுவாசப்பிரமாணம், எழுதிவைக்கப்பட்ட ஜெபங்கள், ஆர்கன் இசையோடு நின்று பாடும் பழைய ஞானப்பாடல்கள் என்ற வரிசை எனக்கு ஊறிப்போன ஒன்று. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதனாலேயே என் மனம் அலையாமல் தேவனிடத்தில் நிற்கிறது. திருமணத்துக்குப் பின் கணவருடைய சபைக்குச் சென்றுவருகிறேன். அங்கே ஆராதனையின் தொடக்கத்தில் பாடல்கள் இடைவிடாமல் தொடர்கின்றன. கிட்டார், டிரம்ஸ், கீபோர்டு ஆகியவற்றின் ஓசைக்கு நடுவே மக்கள் கைகளை உயர்த்துகிறார்கள், கண்ணீர் விடுகிறார்கள், ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள், ஒவ்வொருவரும் தம் சொந்த வார்த்தைகளில் உரக்க ஜெபிக்கிறார்கள். என் கணவர் அந்த நேரத்தில் முழு மனத்தோடு தேவனைத் தேடுகிறார் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. எனக்கோ அங்கே எதுவும் அசைவதில்லை. சுற்றியிருப்பவர்கள் கைதட்டும்போது நானும் தட்டுகிறேன். உள்ளே ஒன்றும் இல்லாமல் வெளியே செய்வது மாய்மாலம் அல்லவா என்ற எண்ணம் அப்போதே எழுகிறது. கைகட்டி நின்றாலோ, மற்றவர்களை நியாயந்தீர்த்து ஒதுங்கி நிற்பதாகத் தோன்றுகிறது.

இரண்டு பக்கத்தாரும் வேதத்தையே எடுத்துக்காட்டுவது குழப்பத்தை இன்னும் மிகுதியாக்குகிறது. புத்தகத்தைப் பார்த்து ஜெபிப்பது உதட்டளவிலான ஆராதனை என்று கணவருடைய சபையில் ஒரு மூத்த சகோதரி சொல்லி, ஏசாயா 29:13-ஐ வாசித்துக் காட்டினார். நான் வளர்ந்த சபையில் ஒரு பெரியவரோ, இசைக்குழுவை வைத்து நடத்துவது வெறும் கேளிக்கை என்று சொல்லி, "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று" என்ற ஆமோஸ் 5:23-ஐ நினைவூட்டினார். இருவரும் தேவனை நேசிக்கிறவர்கள். இருவரையும் நான் மதிக்கிறேன்.

எனக்குத் தெரியவேண்டியது இதுதான். ஒருவருடைய ஆராதனை உண்மையானதா என்பதை அவர் பின்பற்றும் முறையிலிருந்து அறிய முடியுமா? என் பழைய முறையில் எனக்குக் கிடைக்கும் அமைதி பக்தியா, வெறும் பழக்கமா? பிடிக்காத முறையில் ஆராதிக்கும்போது நான் பொய்யாக நடந்துகொள்கிறேனா? ஒரு பக்கத்தைத் தாங்கி மறுபக்கத்தைத் தாக்காமல் பதில் தருவீர்களானால் நன்றியுள்ளவளாயிருப்பேன்.

பதில்: வேதபாட ஆசிரியர்

அன்புள்ள சகோதரிக்கு, உங்களிடம் சொல்லப்பட்ட இரண்டு வசனங்களையும் முதலில் அவற்றின் இடத்தில் வைத்துப் பார்ப்போம். ஏசாயா கண்டித்த மக்கள் யாரோ ஒருவர் எழுதிய ஜெபத்தை வாசித்துக்கொண்டிருந்தவர்கள் அல்லர். தேவனே கட்டளையிட்ட பலிகளையும் பண்டிகைகளையும் ஆலயத்தில் முறைப்படி செய்துகொண்டிருந்தவர்கள். முறை தேவனுடையதாயிருந்தும் இருதயம் தூரமாய் இருந்தது என்பதே குற்றச்சாட்டு. ஆமோஸ் 5-ஆம் அதிகாரத்திலும் பாட்டும் வீணையும் தள்ளப்படுவதற்குக் காரணம் அவை உரத்து ஒலித்தன என்பதன்று. பண்டிகை, சபைக்கூட்டம், தகனபலி எல்லாமே அந்தப் பகுதியில் சேர்த்துத் தள்ளப்படுகின்றன. அடுத்த வசனமே நியாயம் தண்ணீரைப்போலப் பெருகட்டும் என்கிறது. வழக்குகள் விசாரிக்கப்பட்ட நகர வாசலாகிய ஒலிமுகவாசலில் ஏழையின் வழக்கைப் புரட்டிவிட்டு ஆலயத்தில் பாடியவர்களிடம் பேசப்பட்ட வார்த்தை அது. ஆகவே, எந்த இசைக்கருவி, எந்தப் புத்தகம் என்ற விவாதத்துக்கு இந்த இரண்டு வசனங்களையும் சான்றாக அழைக்க முடியாது. சங்கீதம் 150-ஐ எழுதியவருக்கு எக்காளமும் ஓசையுள்ள கைத்தாளங்களும் பொருத்தமாகவே தோன்றின.

முறையைப் பார்த்து உள்ளத்தை அறிய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேதத்திலேயே இதற்கு அருகருகே வைத்துப் பார்க்கத்தக்க இரண்டு நிகழ்ச்சிகள் உண்டு. அன்னாள் உதடுகள் மட்டும் அசைய, சத்தம் வெளியே கேளாமல் ஜெபித்தாள். ஆசாரியனாகிய ஏலி அவளைக் குடித்து வெறித்தவள் என்று நினைத்தான் (1 சாமுவேல் 1). தாவீது கர்த்தருடைய பெட்டிக்கு முன்பாகத் தன் முழுப் பலத்தோடும் நடனம்பண்ணினான். சவுலின் குமாரத்தியாகிய மீகாள் பலகணி வழியாய்ப் பார்த்து, அவன் தன் கண்ணியத்தை இழந்துவிட்டதாகத் தன் இருதயத்திலே அவனை அவமதித்தாள் (2 சாமுவேல் 6). மிகவும் அடங்கிய ஜெபத்தையும் மிகவும் பகிரங்கமான துதியையும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒரே விதமாகத் தவறாய்ப் புரிந்துகொண்டார்கள். ஏலி அனுபவமில்லாதவன் அல்லன், ஆலயத்திலேயே வாழ்ந்தவன். அவனுக்கே தெரியாதது, பக்கத்து இருக்கையில் நிற்பவரைப் பற்றி நமக்கு எப்படித் தெரியும்?

இசை மனத்தின்மேல் செய்யும் வேலையைப் பற்றி பழங்காலத் திருச்சபையின் இறையியலாளரான அகஸ்டின் நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எழுதத் தொடங்கிய 'அறிக்கைகள்' என்ற தம் நூலின் பத்தாம் புத்தகத்தில் மிகவும் நேர்மையாகப் பேசுகிறார். பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தம்மை அதிகம் அசைக்கும்போது தாம் பாவம் செய்வதாகவும், அப்படிப்பட்ட வேளையில் பாடகரைக் கேளாமல் இருப்பதையே விரும்புவதாகவும் சொல்கிறார். அலெக்சாந்திரியாவின் பேராயராகிய அத்தனாசியுஸ் சங்கீதத்தைப் பாட்டாக அல்லாமல் ஏறக்குறையப் பேச்சாகவே ஒலிக்கச் செய்தார் என்று கேள்விப்பட்டதை நினைத்து, அதுவே பாதுகாப்பானதோ என்று தயங்குகிறார். ஆனால் விசுவாசத்துக்கு வந்த தொடக்க நாட்களில் திருச்சபையின் பாடல்களைக் கேட்டுத் தாம் விட்ட கண்ணீரையும் அவர் மறக்கவில்லை. செவிக்கு இனிமையானதன் வழியாகப் பலவீனமான மனமும் பக்திக்கு உயரக்கூடும் என்று பாடும் வழக்கத்தை ஏற்றுக்கொள்ளும் பக்கமே சாய்கிறார். கவனியுங்கள், அவர் அஞ்சியது அமைதியான சங்கீத இசையை. இன்று அடக்கமானது, ஆழமானது என்று நாம் போற்றும் வகையைச் சேர்ந்த இசையே அவருக்குச் சோதனையாயிருந்தது. எனவே, இசையால் ஏமாறும் வாய்ப்பு டிரம்ஸ் இருக்கும் இடத்தில் மட்டுமே இருக்கிறது என்று யாரும் நினைக்கவேண்டாம். உங்கள் ஆர்கன் இசைக்கும் அந்த வாய்ப்பு உண்டு.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எழுப்புதல் கூட்டங்களில் அழுகையும் உடல் நடுக்கமும் மிகுந்திருந்த காலத்தை நேரில் கண்ட அமெரிக்கப் போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் 1746-இல் வெளியிட்ட நூலில், உணர்ச்சி மிகுதியாயிருப்பதோ, அது உடலில் வெளிப்படுவதோ, ஒருவர் வாயார மிகுதியாகத் துதிப்பதோ, ஆராதனையில் நெடுநேரம் செலவிடுவதோ அவருடைய பக்தி மெய்யானது என்பதற்கும் பொய்யானது என்பதற்கும் நிச்சயமான அடையாளம் ஆகாது என்று ஒவ்வொன்றாக எடுத்து விளக்கினார். உணர்ச்சியை இகழ்ந்தவரின் கூற்று அன்று இது. உண்மையான சமயம் பெரும்பாலும் பரிசுத்தமான உணர்வுகளிலேயே அடங்கியிருக்கிறது என்று அதே நூலில் வாதிட்டவர் அவர். அவர் மிக விரிவாக எழுதிய அடையாளம் கடைசியாக வருவது, அதாவது கிறிஸ்தவ நடக்கை. அதை ஞாயிற்றுக்கிழமை காலையில் இருக்கையிலிருந்து பார்க்க முடியாது.

பிடிக்காத முறையில் கைதட்டுவது மாய்மாலமா? மத்தேயு 6-இல் ஆண்டவர் மாய்மாலம் என்று குறித்தது, மனுஷர் காணவேண்டும் என்பதற்காகச் செய்வதை. உணர்வு வருமுன்னே செய்வதை அவர் அப்படிச் சொல்லவில்லை. "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி" என்று 103-ஆம் சங்கீதக்காரன் தன் ஆத்துமாவுக்குக் கட்டளையிடுகிறான். தானாகவே துதித்துக்கொண்டிருக்கும் ஆத்துமாவுக்குக் கட்டளை தேவைப்பட்டிராது. கணவரோடும் சபையோடும் சேர்ந்து துதிக்கவேண்டும் என்ற விருப்பத்தோடு நீங்கள் கைதட்டுவீர்களானால், அந்த விருப்பமே உண்மை. குறைகூறுவார்களே என்ற பயத்தால் மட்டும் தட்டுவீர்களானால், தட்டாமல் நிற்பதே நல்லது. அதற்கு யாரிடமும் விளக்கம் சொல்லவேண்டியதில்லை.

பதில்: சபையில் பாடல் நடத்துகிறவர்

சகோதரி, நீங்கள் குறிப்பிட்ட வகைச் சபை ஒன்றில் பாடல் ஆராதனையை நடத்தும் பொறுப்பு எனக்கு இருக்கிறது. முன்னால் நின்று பார்க்கிற எனக்கு ஒன்று தெளிவாகத் தெரியும்: கண்ணீரோடு நிற்பவர் அந்த வாரம் அடைந்த துக்கத்தால் அழுகிறாரா, தேவனுடைய அன்பை நினைத்து அழுகிறாரா, இசையின் உச்சத்தால் அழுகிறாரா என்று என்னால் சொல்ல முடியாது. பின்வரிசையில் உதடு அசையாமல் நிற்பவரைப் பற்றியும் அப்படியே. ஆகவேதான் "எல்லாரும் கைகளை உயர்த்துங்கள்", "பக்கத்திலிருப்பவரைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கட்டாயப்படுத்தும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. அழைப்பது வேறு, கட்டளையிடுவது வேறு. கட்டளைக்குக் கீழ்ப்படிந்து உயரும் நூறு கைகளில் எத்தனை கைகள் மனமில்லாமல் உயர்ந்தன என்பது மேடையில் இருப்பவருக்குத் தெரியாது. ஆனால் அந்த மனமில்லாமையை உண்டாக்கியவர் அவரே. உங்களைப் போன்றவர்கள் "நான் பொய்யாக நடக்கிறேனோ" என்று வருந்துவதில் ஒரு பங்கு பொறுப்பு எங்களுக்கு உண்டு.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். விருப்பு வெறுப்பு என்று நினைக்கும் பல காரியங்கள் உண்மையில் கைத்திறனைச் சேர்ந்தவை. ஒலிப்பதிவில் பயிற்சி பெற்ற பாடகர் பாடிய அதே சுருதியில் சபையைப் பாடவைத்தால், பயிற்சியில்லாத பெரும்பாலான குரல்கள் உச்ச இடத்தில் நின்றுவிடும். ஒலிபெருக்கியின் அளவு கூடிவிட்டால், தன் குரலும் பக்கத்திலிருப்பவரின் குரலும் கேளாமல், மக்கள் தாங்களாகவே பாடுவதை நிறுத்திவிட்டுக் கேட்பவர்களாக மாறுவார்கள். பாடகர் ஒவ்வொரு முறையும் மெட்டை வளைத்து அலங்கரித்தால், அடுத்த வரி எங்கே தொடங்கும் என்று சபைக்குத் தெரியாது. இவற்றால் ஆராதிக்க முடியாமல் போகிறவர் "இந்த முறையே எனக்கு ஒத்துவரவில்லை" என்று முடிவுசெய்துவிடுகிறார். சுருதியைச் சற்றுக் குறைத்து, ஒரு சரணத்தில் கருவிகளை நிறுத்திக் குரல்கள் மட்டும் கேட்கும்படி விட்டால், அதே சபையில் அதே பாடலை முதியவர்களும் பாடுவதை நான் கண்டிருக்கிறேன். உங்கள் கணவரின் சபையில் பாடல் நடத்துகிறவரிடம் இதைத் தயங்காமல் பேசுங்கள். ஆர்கன் வாசிக்கும் சபைகளிலும் இதே குறைகள் உண்டு என்பதைச் சொல்லத் தேவையில்லை. மிகவும் இழுத்து வாசிக்கப்படும் ஞானப்பாடலில் மூச்சு முட்டிப்போகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒரே வரியைத் திரும்பப் பாடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 136-ஆம் சங்கீதத்தில் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்ற வரி 26 வசனங்களிலும் வருகிறது. கெத்செமனேயில் ஆண்டவர் மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபம்பண்ணினார் என்று மத்தேயு 26:44 கூறுகிறது. வீண்வார்த்தைகளை அலப்பவேண்டாம் என்று கற்பித்தவரே அப்படி ஜெபித்தார் என்றால், திரும்பச் சொல்வது மட்டும் ஜெபத்தை வீணாக்கிவிடாது. வாரந்தோறும் அதே பாவ அறிக்கையைச் சொல்லும் உங்கள் பழைய சபைக்கும், அதே பல்லவியைப் பலமுறை பாடும் எங்கள் சபைக்கும் இது ஒருங்கே பொருந்தும்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1761-இல் பாடுவதற்கென்று 7 நெறிகளை எழுதிவைத்தார். எல்லாரும் பாடவேண்டும், அது ஒருவருக்குச் சிலுவையாகத் தோன்றினால் அதை எடுத்துக்கொள்ளட்டும், அதில் ஆசீர்வாதத்தைக் காண்பார் என்பது அவற்றில் ஒன்று. மற்றவர்களுக்கு மேலாகத் தன் குரல் கேட்கும்படி கத்தக்கூடாது என்பது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, பாடும் ஒவ்வொரு வார்த்தையிலும் தேவனை நோக்கவேண்டும், தன்னையோ வேறு எவரையுமோ பிரியப்படுத்துவதைவிட அவரைப் பிரியப்படுத்த நாடவேண்டும் என்று முடிக்கிறார். குழுவில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இந்த நெறிகளைத்தான்.

பதில்: சீர்திருத்த மரபைச் சேர்ந்த வாசகர்

மேலே உள்ள இருவரும் அன்போடு எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒன்றில் நான் மாறுபடுகிறேன். உள்ளம் உண்மையாயிருந்தால் முறை எதுவானாலும் சரி என்ற எண்ணம் இந்த உரையாடலில் மெல்ல நுழைந்துவிட்டதாகத் தோன்றுகிறது. பொன் கன்றுக்குட்டியைச் செய்த ஆரோன், நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை என்றுதான் கூறினான் (யாத்திராகமம் 32:5). அந்தக் கூட்டத்தில் உற்சாகத்துக்குக் குறைவில்லை. மெய்யான ஆர்வத்தோடு வந்தவர்களும் அங்கே இருந்திருப்பார்கள். ஆரோனின் குமாரராகிய நாதாபும் அபியூவும் கர்த்தருடைய சந்நிதியில் அந்நிய அக்கினியைக் கொண்டுவந்ததில் உள்நோக்கம் என்ன என்று லேவியராகமம் 10 சொல்லவே இல்லை. கர்த்தர் கட்டளையிடாததைச் செய்தார்கள் என்று மட்டுமே சொல்கிறது. உண்மை மனம் அவசியம், ஆனால் அது மட்டும் போதாது.

இதனால்தான் எங்கள் மரபில் இந்தக் கேள்வியை விருப்பத்தின் கேள்வியாக ஒருபோதும் எடுத்துக்கொண்டதில்லை. எங்கள் மரபின் முன்னோடிகளில் ஒருவரான சுவிட்சர்லாந்துச் சீர்திருத்தவாதி சுவிங்லி பல இசைக்கருவிகளை வாசிக்கத் தெரிந்தவர், இசையை நேசித்தவர். அப்படிப்பட்டவரே 1520-களில் சூரிச்சின் பொது ஆராதனையிலிருந்து இசையை நீக்கினார். தமக்குப் பிடித்ததைத் தம் மனச்சாட்சியின்படி விலக்கிய அவருடைய முடிவோடு நான் உடன்படாவிட்டாலும், அதன் நேர்மையை மதிக்கிறேன். மற்றொரு சீர்திருத்தவாதியான கால்வின் ஊழியம் செய்த ஜெனீவாவில் 150 சங்கீதங்களும் பாடலாக்கப்பட்டு 1562-இல் நூலாக முழுமைபெற்றன. சபையார் கருவிகள் இல்லாமல் ஒரே குரலில் அவற்றைப் பாடினார்கள். அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தில் எழுதப்பட்டு எங்கள் மரபின் சபைகள் பல ஏற்றுக்கொண்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, மனிதர் தம் கற்பனையால் புனைந்த வழிகளில் தேவனை ஆராதிக்கக்கூடாது என்று எழுதியது. அதே அறிக்கைதான், ஆராதனையின் சூழ்நிலைகளைச் சேர்ந்த சில காரியங்கள் இயற்கை அறிவாலும் கிறிஸ்தவ விவேகத்தாலும் ஒழுங்குசெய்யப்படலாம் என்றும் ஒப்புக்கொண்டது. எது ஆராதனையின் உறுப்பு, எது சூழ்நிலை என்பதில்தான் அன்றிலிருந்து இன்றுவரை வாதம். வசனம் வாசிப்பது உறுப்பு. எத்தனை மணிக்கு வாசிப்பது என்பது சூழ்நிலை. கிட்டார் இரண்டாவதைச் சேர்ந்தது என்பது என் எண்ணம். எங்கள் மரபிலேயே அதை மறுப்பவர்களும் உண்டு.

ஆகவே சகோதரி தம் கணவரின் சபையைப் பார்க்கும்போது, ஒலி எப்படி இருக்கிறது என்பதைவிட, அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும். பாவத்தை அறிக்கையிட இடம் இருக்கிறதா? வேதம் நீளமாக வாசிக்கப்படுகிறதா, ஒரு வசனம் மட்டும் எடுத்துக்காட்டப்படுகிறதா? தங்களுக்காக மட்டுமல்லாமல் பிறருக்காகவும் ஆட்சியாளருக்காகவும் நோயாளிகளுக்காகவும் ஜெபிக்கிறார்களா? திருவிருந்து உரிய இடத்தைப் பெறுகிறதா? சங்கீத புத்தகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பலாயிருக்க, சபையின் பாடல்களில் புலம்பலே இல்லை என்றால், துக்கத்தோடு வருகிறவர் அங்கே எதைப் பாடுவார்? அவர் தம் நிலைக்கு ஒவ்வாத மகிழ்ச்சியைப் பாடுவார். நீங்கள் அஞ்சும் பொய்மை அங்கேதான் உருவாகிறது. இதே கேள்விகளைப் பழைய சபையிடமும் கேளுங்கள். அழகான ஜெபங்களை மக்கள் பொருள் உணராமல் வேகமாகச் சொல்லிமுடிக்கிறார்கள் என்றால், "ஆவியோடும் பாடுவேன், கருத்தோடும் பாடுவேன்" என்ற பவுலின் வார்த்தை (1 கொரிந்தியர் 14:15) அவர்களையும் கேள்வி கேட்கிறது. பல ஆண்டுகள் பாடும் பாடலும் சொல்லும் ஜெபமும் ஒருவர் தேவனை எப்படிப்பட்டவராக நினைக்கிறார் என்பதை வடிவமைக்கின்றன. பிடிக்கும், பிடிக்காது என்று சொல்லி அதை நாம் கடந்துபோகக் கூடாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கடைசிப் பதிலில் உள்ள கேள்விகளை நானும் கணவரும் சேர்ந்து வாசித்தோம். வேத வாசிப்பும் பிறருக்கான ஜெபமும் அவருடைய சபையில் நன்றாகவே இருக்கின்றன. பாவ அறிக்கைதான் இல்லை என்று அவரே சொன்னார்.

இன்னும் ஒன்று கேட்க விரும்புகிறேன். இரண்டு சபைகளில் எதில் நிலைத்திருப்பது என்று நாங்கள் தீர்மானிக்கவேண்டியிருக்கிறது. எங்கள் பிள்ளைகள் வளரும் இடமும் அதுவாகவே இருக்கும். "உன்னால் எங்கே உண்மையாக ஆராதிக்க முடிகிறதோ அங்கேயே போகலாம்" என்று கணவர் பெருந்தன்மையோடு சொல்கிறார். எனக்குப் பிடித்ததை வைத்துத் தீர்மானிப்பது சுயநலமாகிவிடுமோ என்று நான் அஞ்சுகிறேன். பிடித்திருப்பது ஒரு காரணமாக நிற்கத் தகுதியுள்ளதா?

பதில்: கத்தோலிக்க வாசகர்

அன்புச் சகோதரிக்கு வணக்கம். நான் வேறு மரபைச் சேர்ந்தவன். எனினும் உங்கள் முதல் கேள்வியே எங்கள் துறவற மடங்களில் மிகப் பழைய காலத்திலிருந்து சிந்திக்கப்பட்ட ஒன்று என்பதால் எழுதுகிறேன். பெனடிக்ட் என்றும் அழைக்கப்படும் புனித ஆசீர்வாதப்பர் ஆறாம் நூற்றாண்டில் எழுதிய ஒழுங்குமுறையின் 19-ஆம் அதிகாரம், நாம் திருப்பாடல்களை, அதாவது சங்கீதங்களை, பாடும்போது நம் மனம் நம் குரலோடு இசைந்திருக்கட்டும் என்று கூறுகிறது. எது எதோடு இசையவேண்டும் என்று பாருங்கள். உள்ளத்தில் ஏற்கெனவே இருப்பதைக் குரல் வெளியிடவேண்டும் என்று அவர் எழுதியிருக்கலாம். இன்று பலரும் உண்மை என்பதை அப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள். அவரோ குரலை முன்னே வைத்து, மனத்தை அதன் பின்னே வரச் சொல்கிறார். அவருடைய மடத்தில் 150 திருப்பாடல்களும் ஒரே வாரத்துக்குள் பாடி முடிக்கப்படவேண்டும். மகிழ்ச்சியான நாளில் புலம்பலும், மனம் உடைந்த நாளில் அல்லேலூயாவும் வந்து சேரும். அந்த நேரத்து உணர்வுக்குப் பொருந்தாத சொற்களைத் துறவி பொய்யாகச் சொல்லவில்லை. துன்புறும் ஒருவருக்காகவும் மகிழும் ஒருவருக்காகவும் முழுத் திருச்சபையோடும் சேர்ந்து சொல்கிறார், மெல்ல மெல்ல அந்தச் சொற்களுக்குத் தம் மனத்தைத் திறக்கிறார்.

1963 டிசம்பர் 4-ஆம் நாள், எங்கள் திருச்சபையின் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடும் இதே எண்ணத்தைத் திரும்பச் சொல்கிறது. மக்கள் முழுமையாகவும் உணர்வோடும் செயல்முறையிலும் பங்கேற்கவேண்டும் என்று விரும்புகிறது. அந்தப் பங்கேற்பில் பதிலுரைகளும் பாடல்களும் உடல் அசைவுகளும் அடங்கும். உரிய வேளையில் பக்தி நிறைந்த மௌனமும் அடங்கும் என்று 30-ஆம் பத்தி கூறுகிறது. கிரகோரியன் இசை என்னும் பழைய இலத்தீன் வழிபாட்டுப் பாடல்முறைக்கு முதன்மை இடம் தந்துவிட்டு, பிற இசை வகைகளை விலக்கவில்லை என்றும் அதே ஏடு சொல்கிறது. எங்கள் திருச்சபையிலேயே இலத்தீன், பைசாந்திய, சீரிய மரபுகள் எனப் பல வழிபாட்டு முறைகள் சம மதிப்போடு வாழ்கின்றன. ஒருவர் ஒன்றில் ஆழ்ந்து நிற்பதை எவரும் சுயநலம் என்று சொல்வதில்லை.

ஆகவே, பிடித்திருப்பது குற்றமன்று; இறைவனிடம் போகும் வழியில் உங்களுக்குத் தரப்பட்ட உதவியாகவே நான் அதைப் பார்க்கிறேன். ஆனால் பொது வழிபாடு ஒருவருடைய உடைமை அன்று. தனி ஜெபத்தில் உங்கள் விருப்பத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் இடம் கொடுக்கலாம். பொதுவில் கூடும்போது அருகில் நிற்பவருடைய தேவையும் எண்ணப்படவேண்டும். வலிமையுள்ளவர்கள் தங்களுக்கே பிரியமாக நடந்துகொள்ளலாகாது என்று புனித பவுல் உரோமையர் 15-இல் எழுதுவது உணவைப் பற்றிய வேறுபாட்டை ஒட்டி வந்த அறிவுரையானாலும், இங்கேயும் அது துணைசெய்யும். உங்கள் கணவர் தம் விருப்பத்தை விட்டுக்கொடுக்க முன்வந்ததிலேயே அந்த அறிவுரை நிறைவேறத் தொடங்கிவிட்டது.

பதில்: வேதபாட ஆசிரியர்

சகோதரி, பிடித்திருப்பது ஒரு காரணமாக நிற்கத் தகுதியுள்ளது. முதல் காரணமாக நிற்கத்தான் தகுதியற்றது. சுவிசேஷம் தெளிவாக அறிவிக்கப்படுவதும், அங்குள்ளவர்கள் ஒருவரையொருவர் தாங்குவதும், பிள்ளைகள் கேள்வி கேட்டால் பொறுமையோடு பதில் சொல்லக்கூடியவர்கள் இருப்பதும் அதற்கு முன்னே வரவேண்டும். இவையெல்லாம் இரண்டு இடத்திலும் சமமாக இருந்தால், அதற்குமேல் விருப்பத்தின்படி தேர்ந்துகொள்வதை நான் சுயநலம் என்று கருதமாட்டேன். ஜெர்மானியச் சீர்திருத்தவாதி லூத்தர் 1526-இல் ஜெர்மன் மொழியில் வழிபாட்டு ஒழுங்கை வெளியிட்டபோது, அதைக் கட்டாயச் சட்டமாக்கி ஒருவருடைய மனச்சாட்சியையும் கட்டவேண்டாம் என்று முன்னுரையிலேயே கேட்டுக்கொண்டார். ஒழுங்கை உண்டாக்கியவரே அதை அப்படிக் கையாண்டார். ரோமர் 14:5-இல் பவுல், அவனவன் தன்தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன் என்று சொல்வதும் அந்த விடுதலையைத்தான். அந்த நிச்சயம் உங்களுக்கும் கணவருக்கும் சேர்ந்து வரவேண்டும் என்பதால் அவசரப்படவேண்டாம்.

நடைமுறையில் ஒன்றைச் சொல்கிறேன். இப்போதைக்குக் கணவரின் சபையிலேயே தொடருங்கள். அவர் கண்டுபிடித்த அந்தக் குறையை, அதாவது பாவ அறிக்கை இல்லாததை, இருவரும் சேர்ந்து போதகரிடம் சொல்லுங்கள். கணவர் சொல்லும்போது அது பழைய சபையை நினைத்து ஏங்கும் ஒருவரின் குறையாகத் தோன்றாது. வீட்டில் உங்கள் வழிபாட்டுப் புத்தகத்தைத் திறந்துவையுங்கள். மடங்களில் பல வேளைகளாகப் பிரிந்திருந்த ஜெபங்களை, இங்கிலாந்துத் திருச்சபையின் பேராயர் தாமஸ் கிரான்மர் 1549-இல் ஆங்கிலத்தில் காலை, மாலை என்று இரண்டாகச் சுருக்கியதன் நோக்கமே எளிய மக்களும் அவற்றில் பங்கேற்கவேண்டும் என்பதுதான். அந்த மரபில் 150 சங்கீதங்களும் மாதத்தின் 30 நாட்களுக்குப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. இருளிலேயே முடிந்துபோகும் 88-ஆம் சங்கீதம்கூட 17-ஆம் நாள் காலையில் தவறாமல் வரும். வசனத்தின் முதல் பாதியை நீங்களும் மறுபாதியைக் கணவரும் பிள்ளைகளும் வாசியுங்கள். அதன்பின் கணவர் தமக்குப் பழக்கமான விதத்தில், புத்தகம் இல்லாமல், தம் சொந்த வார்த்தைகளில் ஜெபிக்கட்டும். பிள்ளைகள் இரண்டையும் பார்த்து வளர்வார்கள். சபையைப் பற்றிய தீர்மானத்தைப் போதகரோடு பேசியபின் எடுக்கலாம்.